கனத்த தந்தி உரக்கப் பேசுமா?

வீணை கற்கத் தொடங்கிச் சில மாதம் ஆனவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: தந்தியை இன்னும் கொஞ்சம் தடிப்பாகப் போட்டால் சத்தம் கூடுமா? கிடார் வாசிக்கிற பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓர் அறைக்குள் இனிக்கும் வீணை, கல்யாண மண்டபத்தில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் மைக் இல்லாமல் எடுபடாது. வீணையிலேயே மெல்லிய சாரணித் தந்தி 'டிங்' என்கிறது. தடித்த அனுமந்தரம் குடமே அதிரும்படி 'தொம்' என்கிறது. தடிப்பில்தான் சத்தம் ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும்.

இந்தக் கேள்வியை நெய்வேலியில் உட்கார்ந்து யோசிப்பது பொருத்தம் என்பேன். பக்கத்துப் பண்ருட்டியின் பலாமரங்கள்தான் தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்குப் போய் வீணையாகின்றன. நகரியத்தைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலோ, தடித்த உருக்குக் கம்பியை வளைய வைப்பது எப்படி என்ற அதே சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடை இரவுபகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னே தாங்கி மேடையேறும் நெய்வேலி சந்தானகோபாலனால், கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இந்த ஊர் நிலக்கரிக்காக மட்டும் தெரிந்த ஊரும் அல்ல.

நம்பர் ஏறினால் கம்பி இளைக்கும்

முதலில் ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடையில் 28 நம்பர் கம்பி கேட்டால் 30 நம்பரைவிடத் தடிப்பானதைத் தருவார்கள். எண் கூடக்கூடத் தடிப்பு குறைகிறது. காரணம் கம்பி செய்யும் முறை. உருக்குக் கோலை ஒரு துளை வழியாக இழுத்து மெலிய வைப்பார்கள். பிறகு அதைவிடச் சிறிய துளை, அப்புறம் இன்னும் சிறியது. பழைய பட்டறைகளில் எத்தனை இழுப்பு என்பதே கம்பியின் எண் ஆயிற்று. பிரிட்டனில் 1884-இல் இந்த எண்களுக்குச் சட்டப்படி அளவு நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 30 நம்பர் என்பது 0.315 மில்லிமீட்டர், 28 நம்பர் 0.376 மில்லிமீட்டர்.

வித்தியாசம் 0.06 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். இவ்வளவு சிறிய மாற்றம் என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கம்பி, ஒரே சுருதி

ஒரு வீணையில், தந்தியின் இரு முனைகளையும் தாங்கும் குதிரைக்கும் மேருவுக்கும் நடுவே நீளம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டை சுருதி. சாரணியைத் திறந்து மீட்டினால் வினாடிக்கு ஏறத்தாழ 165 அதிர்வுகள். இதே வேலையை 30 நம்பர் கம்பியும் செய்ய வேண்டும், 28 நம்பர் கம்பியும் செய்ய வேண்டும்.

தந்தியின் சுருதியை நிர்ணயிப்பவை மூன்று: நீளம், ஒரு மீட்டருக்கு அதன் எடை, அதை இழுத்துக் கட்டியிருக்கும் வலு. கடைசியாகச் சொன்னதை இழுவிசை என்போம். பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636-இல் வெளியிட்ட நூலில் இவற்றுக்கிடையே உள்ள உறவை எழுதிவைத்தார். நீளத்தைப் பாதியாக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அதே ஒரு ஸ்தாயியை இழுவிசையால் ஏற்ற வேண்டுமானால் நான்கு மடங்கு முறுக்க வேண்டும். தந்தி கனத்தால் சுருதி இறங்கும்.

30 நம்பர் உருக்குக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.61 கிராம். 28 நம்பர் 0.87 கிராம். தடிப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடியது. எடையோ 42 சதவீதம் கூடிவிட்டது. தடிப்பு கூடும்போது கம்பியின் குறுக்குப் பரப்பு இரு திசையிலும் வளர்வதால் வரும் விளைவு இது. கனத்த கம்பி அதே 165 அதிர்வை எட்ட வேண்டுமானால், தந்தியை இறுக்கும் முறுக்காணியான பிரடையைத் திருகி இழுவிசையையும் அதே 42 சதவீதம் கூட்ட வேண்டும். 30 நம்பர் கம்பியில் இழுவிசை சுமார் 4.35 கிலோ எடைக்குச் சமம். 28 நம்பரில் 6.2 கிலோ.

இங்கே ஒரு வியப்பு இருக்கிறது. கனத்த கம்பி எளிதில் அறாது என்று நம்பித்தான் பலர் மாற்றுகிறார்கள். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஒரு மூட்டையை ஒருவர் சுமப்பதும் இரண்டு மூட்டையை இருவர் சுமப்பதும் தலைக்கணக்கில் ஒன்றுதானே? கனத்த கம்பியில் சுமை 42 சதவீதம் கூடியது. சுமக்கிற உருக்கும் அதே 42 சதவீதம் கூடியது. நம் உதாரணத்தில் இரண்டு கம்பியிலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 56 கிலோதான். இசைக்கருவிக்கான நல்ல உருக்கு இதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் தாங்கும். அதனால் வீணையின் சாரணி, துருவோ மடிப்போ இல்லாவிட்டால், சுருதி கூட்டும்போது சாதாரணமாக அறாது.

விரல் கொடுப்பதுதான் குதிரைக்குப் போகும்

இப்போது சத்தத்துக்கு வருவோம். குதிரையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, விரலால் 100 கிராம் எடை அளவுக்குத் தந்தியை அழுத்தி விடுகிறோம். 30 நம்பர் கம்பி 2 மில்லிமீட்டர் விலகும். கூடுதலாக இழுத்துக் கட்டிய 28 நம்பர் 1.4 மில்லிமீட்டர்தான் அசைந்து கொடுக்கும்.

விரலின் 100 கிராமில் எவ்வளவு குதிரைக்குப் போய்ச் சேர்கிறது? தந்தியின் ஒரு முனையில் குதிரை, மறு முனையில் மேரு. விரல் குதிரைக்கு அருகே இருப்பதால் பெரும்பங்கு, 87 கிராம் அளவு, குதிரைக்குப் போகிறது. இந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பது விரல் வைத்த இடம் மட்டுமே. தந்தி மெலிதா தடிப்பா என்ற பேச்சே இதில் இல்லை. மெல்லிய கம்பி குறைந்த இழுவிசையோடு நிறைய விலகுகிறது. கனத்த கம்பி கூடிய இழுவிசையோடு கொஞ்சம் விலகுகிறது. இரண்டும் குதிரைக்குத் தரும் உந்து ஒன்றே.

ஆக, அதே விரல், அதே வலு என்றால் கனத்த தந்தி உரக்கப் பேசாது. இன்னொன்றும் நடக்கிறது. விரல் தந்திக்குள் சேமித்து வைக்கும் ஆற்றல், கொடுத்த வலுவையும் தந்தி விலகிய தூரத்தையும் பொறுத்தது. குறைவாக விலகும் கனத்த தந்தியில் சேமிப்பும் குறைவு. அதே உந்தோடு செலவழிப்பதால், மற்றவை மாறாவிட்டால், அதன் நாதம் சீக்கிரம் தேயும்.

பிறகு ஏன் கனத்த தந்தி போட்டவர்கள் சத்தம் கூடியது என்று உறுதியாகச் சொல்கிறார்கள்? அவர்கள் சொல்வதும் உண்மைதான். 30 நம்பர் கம்பியை 2 மில்லிமீட்டருக்கு மேல் இழுத்து விட்டால் அது மெட்டில் தட்டி 'கிர்ர்' என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே அந்தத் தந்தியின் எல்லை. கனத்த கம்பியையும் 2 மில்லிமீட்டர் வரை இழுக்கலாம். அதற்கு 142 கிராம் வலு வேண்டும். அப்போது குதிரைக்குப் போகும் உந்தும் 1.42 மடங்கு. ஒலி அளவில் இது சுமார் 3 டெசிபெல் ஏற்றம். காது தெளிவாக உணரும், ஆனால் இரண்டு மடங்கு என்று சொல்லாது. அப்படிச் சொல்ல ஏறத்தாழ 10 டெசிபெல் வேண்டும்.

கனத்த தந்தி சத்தத்தைத் தருவதில்லை. கூடுதல் வலுவைத் தாங்க இடம் தருகிறது. அந்த வலு மீட்டுகிற விரலிலிருந்துதான் வர வேண்டும். மென்மையாக மீட்டும் பழக்கமுள்ளவர் கம்பியை மாற்றிப் பயனில்லை என்று நான் அழுத்தமாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

சத்தம் போடுவது மரம்

தந்தி மட்டும் காற்றில் அதிர்ந்தால் நமக்குக் கேட்காது என்றே சொல்லலாம். அவ்வளவு மெல்லிய பொருள் காற்றை அசைக்காமல் இடையே நழுவிவிடும். குதிரை வழியாக அதிர்வு குடத்தின் மேற்பலகைக்குப் போய், அந்த அகன்ற பரப்பு காற்றைத் தள்ளும்போதுதான் ஒலி பிறக்கிறது. பலாமரம் இதற்கு உகந்தது: கடைந்து மெலிய வைக்கலாம், எளிதில் வெடிக்காது, அதிர்வைச் சட்டென்று விழுங்கிவிடாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் பண்ருட்டித் தோப்புகளுக்கும் பங்கு உண்டு.

ஏழு தந்தியையும் கனமாக்கினால் மரத்தின் மேல் விழும் சுமையும் 40 சதவீதத்துக்கு மேல் ஏறும். மேற்பலகை கூடுதலாக அழுந்தும். தண்டி இம்மி அளவு வளையும். மெழுகில் பதித்த 24 மெட்டுகளுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மாறும். மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதித்து மேளம் கட்டியவரின் நுணுக்கமெல்லாம் கலைந்துபோகலாம்.

விறைப்பு என்ன செய்கிறது

ஒரு தந்தியை மீட்டும்போது ஒரு சுரம் மட்டும் ஒலிப்பதில்லை. அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகத்திலும் தந்தி சேர்ந்து அதிர்கிறது. இவற்றை மேற்சுரங்கள் என்போம். ஒரே சுருதியில் வீணையையும் புல்லாங்குழலையும் நாம் பிரித்தறிய இந்த மேற்சுரங்களின் கலவை பெரிதும் உதவுகிறது.

இந்த மடங்குக் கணக்கு, துளியும் விறைப்பில்லாத கற்பனைத் தந்திக்கு மட்டுமே சரியாக வரும். நிஜக் கம்பிக்கு நிமிர்ந்து நிற்கும் குணம் கொஞ்சம் உண்டு. மேற்சுரம் உயர உயரத் தந்தி சின்னச் சின்ன வளைவுகளாக மடிய வேண்டியிருக்கிறது. கம்பி மடிய மறுக்கிறது. அந்த மறுப்பு கூடுதல் இழுவிசை போல வேலை செய்து மேற்சுரத்தைச் சற்றே கூராக்கிவிடுகிறது. நம் 30 நம்பர் சாரணியில் 20-ஆம் மேற்சுரம் இருக்க வேண்டிய இடத்தைவிட 0.7 சதவீதம் ஏறி நிற்கும். 28 நம்பரில் 1 சதவீதம். ஓர் அரைச்சுர இடைவெளியே 6 சதவீதம் என்பதால் இரண்டும் சிறிய விலகல்தான். ஆனாலும் கனத்த கம்பி கொஞ்சம் 'கம்பித்தனமாக' ஒலிப்பதாகத் தேர்ந்த காதுகள் சொல்வதற்கு இதில் ஆதாரம் இருக்கிறது.

அனுமந்தரத்துக்குப் போனால் நிலைமை மோசமாகிறது. அங்கே வேண்டியது கீழ்ப் பஞ்சமம், வினாடிக்கு 62 அதிர்வு. சாரணியின் அதே இழுவிசையில் அதை வெறும் உருக்குக் கம்பியால் எட்ட வேண்டுமானால் 0.84 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டும். கணக்கிட்டால் அதன் 10-ஆம் மேற்சுரமே 8 சதவீதத்துக்கு மேல் விலகிப்போகிறது, அதாவது ஒரு சுரஸ்தானத்தைத் தாண்டி. அடிப்படைச் சுரம் பஞ்சமம் என்று சொல்ல, மேற்சுரங்கள் வேறெதையோ சொல்லும். அதை வீணை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நீளம், கனம், இழுப்பு என்ற இந்த நெருக்கடி வீணைக்கு மட்டும் உரியதல்ல. பழைய யாழில் மெட்டு கிடையாது. சுரத்துக்கு ஒரு நரம்பு. சுருதி முழுவதையும் நரம்பின் நீளமும் கனமும் இழுப்புமே தாங்கின. தமிழறிஞர் விபுலானந்த அடிகள் 1947-இல் வெளியான தம் 'யாழ் நூல்' வழியாக அந்தக் கருவிகளைக் கணக்கோடு மீட்டெடுக்க முயன்றபோது, இதே மூன்று அளவுகளோடுதான் அவரும் மல்லாட வேண்டியிருந்தது.

சுரங்கத்துக் கயிறு சொல்லும் வழி

அனுமந்தரத்துக்குக் கனம் வேண்டும், விறைப்பு வேண்டாம். இதற்கு என்ன வழி? நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பக்கெட் வீல் எந்திரத்தைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-இல். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அப்போதிருந்தே ஜெர்மானிய வகையைச் சேர்ந்த இந்த எந்திரங்கள்தான் மேல்மண்ணை அகற்றி வருகின்றன. வாளிச் சக்கரத்தைத் தாங்கும் நீண்ட கையை ஏற்றி இறக்குவது உருக்குக் கயிறு. அதே தடிப்பில் ஒற்றை உருக்குத் தண்டைப் போட்டிருந்தால் எடையைத் தாங்கியிருக்கும்; உருளையில் சுற்ற வந்திருக்காது.

ஒரு கம்பியின் விறைப்பு தடிப்போடு மிக வேகமாக ஏறுகிறது. தடிப்பு இரட்டித்தால் விறைப்பு 16 மடங்கு. திருப்பிப் பார்த்தால் இதிலேயே வழியும் இருக்கிறது. ஒரு தண்டை, பத்தில் ஒரு பங்கு தடிப்புள்ள 100 கம்பிகளாகப் பிரித்துக் கட்டினால், மொத்த உருக்கும் தாங்கும் வலுவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். விறைப்போ, கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால், நூறில் ஒரு பங்காகிவிடும். நிலக்கரியைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டுகளின் ரப்பருக்குள்ளும் இப்படி முறுக்கிய உருக்கு இழைகள் ஓடுகின்றன.

இசைக்கருவியில் இதன் உறவுமுறைதான் சுற்றுக் கம்பி. மெல்லிய உருக்குக் கம்பியை நடுவில் வைத்து, அதன்மேல் செம்பு போன்ற உலோக இழையை நெருக்கமாகச் சுற்றுகிறார்கள். நடுக்கம்பி இழுவிசையைத் தாங்கும். சுற்றிய இழை எடையை மட்டும் கூட்டும், வளைவதைத் தடுக்காது. முன்பு மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் பித்தளை, செம்புக் கம்பி போட்டதிலும் ஒரு நியாயம் உண்டு: அவை உருக்கைவிடக் கொஞ்சம் கனமானவை, அதைவிட எளிதில் வளைபவை.

குதிரையின் அகலம்

தொனி என்று வந்துவிட்டால் வீணையின் குதிரையைச் சொல்லாமல் விட முடியாது. கிடாரில் தந்தி கூரான விளிம்பில் அமர்கிறது. வீணையிலோ லேசாக வளைந்த அகன்ற உலோகத் தகட்டின் மேல் படிந்து கிடக்கிறது. அதிரும்போது தந்தி தகட்டைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அதன் நீளமே கணத்துக்குக் கணம் இம்மியளவு மாறுகிறது.

இதை அறிவியலாகப் பார்த்தவர் சி.வி.ராமன். கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், வீணையும் தம்புராவும் ஒரு பழைய விதியை மீறுவதைக் காட்டினார். தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது அந்த விதி. அவை அசையாமல் நிற்க வேண்டிய புள்ளியை நாம் அசைக்கிறோம் அல்லவா? வீணையில் அவையும் எழுகின்றன. தகட்டின் வளைவு அவற்றைப் புதிதாகப் பிறப்பிக்கிறது.

இங்கே தந்தியின் தடிப்பு மறுபடி முக்கியமாகிறது. விறைத்த கம்பி வளைவில் ஒட்டிப் படியாமல் சீக்கிரம் நிமிர்ந்துவிடும், இழுவிசையும் கூடியிருக்கும், தொட்டு விலகும் விதமே மாறும். மெல்லிய கம்பிக்குத் தேய்த்துச் சீர்செய்த தகடு, கனத்த கம்பியில் சப்பென்று ஒலித்தால் ஆச்சரியமில்லை. கம்பியின் நம்பரை மாற்றுகிறவர் தகட்டையும் பட்டறையில் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

கமகத்துக்கு விலை

மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, நின்ற இடத்திலேயே மேல் சுரங்களைத் தொடுவது வீணைக்காரரின் உயிர்நாடி. தந்தி கனத்தால் கூடுதல் தூரம் இழுக்க வேண்டுமோ? வேண்டாம். வெறும் உருக்குக் கம்பிக்கு, ஒரே நீளத்தில், ஒரே சுருதியில், ஒரே தூரம் இழுத்தால் ஏறும் சுருதியும் ஒன்றே. ஆனால் விரல் செலுத்த வேண்டிய வலு 42 சதவீதம் கூடுதல். ஒரு மணி நேரம் தோடி ஆலாபனை செய்தவரின் விரல் நுனிக்கு இந்த எண்ணின் பொருள் புரியும். சத்தத்துக்கு 3 டெசிபெல் வாங்கக் கமகத்தின் நெகிழ்வை விற்பது என் பார்வையில் நஷ்ட வியாபாரம். தொடுமைக் பொருத்தி வாசிக்கும் இக்காலத்தில் அதற்கு அவசியமும் குறைந்துவிட்டது.

வழுக்கும் கட்டையும் மிதிக்கும் பெடலும்

மெட்டே இல்லாத கருவியில் கணக்கு வேறு. திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் புகழ்பெறச் செய்த கோட்டுவாத்தியம், இன்று சித்திரவீணை எனப்படுவது, தந்தியின் மேல் வழுவழுப்பான கட்டையை நகர்த்தி வாசிக்கப்படுவது. தந்தி தட்ட மெட்டு இல்லாததால் தாராளமாக மீட்டலாம். பக்கவாட்டு இழுப்பும் இல்லாததால் கூடுதல் இழுவிசை விரலை வருத்தாது. அதே சமயம், தந்தி தளர்வாக இருந்தால் கட்டையின் பாரத்தில் அமிழ்ந்து சுரம் பிசகும். வீணையில் நான் வேண்டாம் என்ற கனம், இங்கே தேவையாகிவிடுகிறது.

ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய ஸ்டீல் கிடாரும் இதே குடும்ப வழக்கம்தான். ஹவாய்க் கலைஞர் டவ் மோ 1940-களில் கல்கத்தாவில் தங்கி இங்கே அதை வளர்த்தார். அமெரிக்காவில் அதற்குக் காலும் பெடலும் முளைத்தன. பெடல் ஸ்டீல் கிடாரில் ஒரு மிதி மிதித்தால் குறிப்பிட்ட தந்தி மட்டும் இழுபட்டுச் சுருதி ஏறும். அதில் குடமும் இல்லை, மேற்பலகையும் இல்லை. தந்திக்கு அடியில் காந்தச் சுருள் இருக்கிறது. உருக்கு அசைவதை அது மின்சாரமாக்குகிறது. காந்தத்தின் எதிரே எவ்வளவு உருக்கு அசைகிறதோ அவ்வளவு மின்சாரம். ஆகவே, தந்தியின் தடிப்பு நேரடியாகச் சத்தமாக மாறும் கருவி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்லலாம். சுற்றுக் கம்பியில் செம்புக் கலவை இழை போட்டிருந்தால் காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. நடுவிலுள்ள உருக்கை மட்டுமே கணக்கில் எடுக்கும்.

இந்தக் கருவியின் வழக்கமான சுருதி அமைப்பில் மூன்றாம் தந்தி அடிக்கடி அறுவதற்குப் பேர்போனது. நீளம் 61 சென்டிமீட்டர், தடிப்பு 0.28 மில்லிமீட்டர், வினாடிக்கு 415 அதிர்வு. கணக்கிட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 205 கிலோ, நம் வீணைச் சாரணியைவிட மூன்றரை மடங்குக்கும் மேல். பெடலை மிதித்து 440-க்கு ஏற்றும்போது அது 230 கிலோவாகிறது. உருக்கின் எல்லையை நெருங்கிவிட்டோம். கனத்த கம்பி போட்டாலும் சதுர மில்லிமீட்டருக்கு அதே 230 கிலோதான். நீளத்தைக் குறைத்தால் சுமை குறையும். தந்தி வளைந்து திரும்பும் இடத்தில் உருளையைப் பெரிதாக்கினால் மடிப்பில் ஏற்படும் களைப்பு குறையும். இரண்டும் கருவி செய்பவரின் கையில் இருப்பவை. வாசிப்பவர் செய்யக்கூடியது, அறும்வரை காத்திராமல் அந்த ஒரு தந்தியை மட்டும் முன்கூட்டியே மாற்றிக்கொள்வது.